கேரவனில் குழாய் மூடியிருந்தும் பம்ப் ஓடுகிறதா?

ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, யாரும் குழாயைத் தொடாமலே பம்ப் ஒரு நொடி டர்ரென்று ஓடி நிற்கும். சற்று நேரத்தில் மறுபடியும் ஓடும். தயவுசெய்து இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

பல கேரவன்களில் இருப்பது 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், அதாவது உள்ளே ஒரு சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும் பம்ப். குழாயைத் திறந்ததும் பைப்பில் அழுத்தம் குறையும்; பம்பில் உள்ள பிரஷர் சுவிட்ச் மோட்டாரை ஓட்டும். மூடினால் அழுத்தம் ஏறி, பொதுவாக 45 முதல் 55 பிஎஸ்ஐக்குள் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அலகு) அதுவே நிறுத்திவிடும். ஆக, மூடிய நிலையில் ஓடினால் தண்ணீர் எங்கோ கசிகிறது, அல்லது தொட்டிக்கே திரும்புகிறது.

முதலில் கசிவைத் தேடுங்கள். சிங்க்கின் அடியில் உள்ள இணைப்புகள், கழிப்பறை வால்வு, வாட்டர் ஹீட்டரில் மிகையான அழுத்தத்தை வெளிவிடும் ரிலீஃப் வால்வு எல்லாவற்றையும் காய்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம்கூட அதில் தெரிந்துவிடும்.

எல்லாம் காய்ந்திருக்கிறதா? சரி, அப்படியானால் பம்புக்குள் இருந்து தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் செக் வால்வைத்தான் சந்தேகிக்க வேண்டும். பம்பை அணைத்து, தொட்டி நிரப்பும் வால்வு மூடியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, வெளிக்குழாயிலிருந்து வரும் ஹோஸை வண்டியின் நேரடி நீர் இணைப்பில் பொருத்தித் திறந்துவிடுங்கள். தொட்டியில் நீர்மட்டம் ஏறினால் செக் வால்வு சரியாக மூடவில்லை. பல நேரம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துணுக்கு சிக்கியிருக்கும், அவ்வளவுதான். பம்புக்கு முன்னால் உள்ள வடிகட்டியையும் அப்போதே கழுவிவிடுங்கள். எதைக் கழற்றுவதற்கு முன்பும் ஹோஸை மூடி, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள்.

அப்புறம், வண்டியை விட்டு வெளியே போகும்போது பம்ப் சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள். ஓர் இணைப்பு விட்டுப்போனாலும் தொட்டித் தண்ணீர் முழுவதும் தரையில் கொட்டாது.