உடற்கல்வி ஆசிரியராக விரும்புவோர் எங்கிருந்து தொடங்குவது?

விளையாட்டில் ஈடுபாடுள்ள பலரும் உடற்கல்வி ஆசிரியர் பணியையும் பயிற்சியாளர் பணியையும் ஒன்றென எண்ணியே படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளி ஆசிரியர், ஓடத் தயங்கும் மாணவர் உட்பட வகுப்பிலுள்ள அனைவருக்கும் பொறுப்பானவர். பயிற்சியாளரோ ஒரே விளையாட்டில் ஆர்வத்தோடு வருபவர்களை மேலே கொண்டுசெல்பவர். இவற்றுள் எது தமக்கு ஏற்றது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், எந்தப் படிப்பு என்னும் கேள்விக்கு விடை எளிதாகிவிடும்.

படி 1: படிப்பு

பள்ளிப் பணிக்குரிய வழி பி.பி.எட். எனப்படும் இளநிலை உடற்கல்விப் படிப்பு. இரண்டாண்டுப் படிப்பான இதில் சேர ஒரு பட்டமும், பொதுவாக 50 விழுக்காடு மதிப்பெண்ணும், போட்டிகளில் பங்கேற்றதற்கான சான்றும் வேண்டும். ஆகவே கல்லூரிக் காலத்தில் ஆடிய ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் அப்போதே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் தேடி அலைவது வீண் வேலை. தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிப் பல்கலைக்கழகமே சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இயங்குகிறது. ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் உள்ளது. பயிற்சியாளராக விரும்புவோர், பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பை இலக்காகக் கொள்ளலாம், அதனை 'என்.ஐ.எஸ். டிப்ளமோ' என்றே எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்.

படி 2: மைதானம் போடக் கற்றுக்கொள்ளுங்கள்

நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால், படிப்பில் சேரும் முன்பே பழகிக்கொள்வது நல்லது. பள்ளிகள் பலவற்றில் 400 மீட்டர் ஓடுபாதைக்கு இடம் இருக்காது என்பதால் 200 மீட்டர் பாதையில் தொடங்குவோம்.

நேர்ப்பகுதி ஒவ்வொன்றையும் 40 மீட்டர் என வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் 80 மீட்டர் போக, இரண்டு வளைவுகளுக்கும் சேர்த்து 120 மீட்டர் மிஞ்சும். இரண்டு வளைவுகளும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம் என்பதால், அதை 2π-ஆல் வகுத்தால் 19.10 மீட்டர் ஆரம் கிடைக்கும். முதல் லேனின் (ஒருவர் ஓடும் தடத்தின்) தூரம் உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளியே அளக்கப்படுவதால், அதைக் கழித்துவிட்டு 18.80 மீட்டர் ஆரத்தில் கோடு போட வேண்டும். மைதானத்தின் நடுவில் 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகளை அடித்து, ஒவ்வொன்றிலும் நீளாத கயிற்றைக் கட்டி வெளிப்புறமாக அரைவட்டம் வரைந்து, அவற்றின் முனைகளை நேர்க்கோட்டால் இணைத்தால் உள்விளிம்பு தயார். நைலான் கயிறு இழுபடும் என்பதால், முடிந்தால் டேப்பையே பயன்படுத்துங்கள்.

லேனின் அகலம் 1.22 மீட்டர். ஒரு முழுச் சுற்று ஓட்டத்துக்கு இரண்டாம் லேனின் தொடக்கக் கோடு 7.04 மீட்டர் முன்னே அமையும். அதன்பின் ஒவ்வொரு லேனுக்கும் மேலும் 7.67 மீட்டர் கூடும். வளைவின் ஆரம் எதுவானாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. ஏனெனில் லேன்களுக்கு இடையிலான தூர வேறுபாடு அகலத்தையும் π-யையும் மட்டுமே சார்ந்தது. முதல் லேனை 30 செ.மீ. தள்ளியும் மற்றவற்றை 20 செ.மீ. தள்ளியும் அளப்பதால்தான் இரண்டாம் லேனின் எண் மட்டும் சிறியது. இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டவருக்கு மனப்பாடம் தேவையில்லை. ஆறு லேன்கள் போட ஏறத்தாழ 93 மீட்டர் நீளமும் 53 மீட்டர் அகலமும் வேண்டும்.

படி 3: கட்டளையும் பாடக்குறிப்பும்

கட்டளை என்பது உரத்த குரல் மட்டுமன்று. என்ன செய்ய வேண்டும் என்று அறிவிக்கும் பகுதி, சிறு இடைவெளி, செயலைத் தொடங்கச் சொல்லும் பகுதி என அது மூன்றாகப் பிரியும். "வலப்பக்கம்" என்றதும் சற்றே நிறுத்தி, பிறகு "திரும்பு" என்றால்தான் வரிசை முழுவதும் ஒன்றாகத் திரும்பும். இடைவெளி இல்லாவிட்டால் பாதிப் பேர் திரும்பிய பிறகே மீதிப் பேருக்குப் புரியும். தம்பி, தங்கை, தெருப் பிள்ளைகள் என யார் கிடைத்தாலும் அவர்களை வரிசையில் நிறுத்திப் பழகிப் பாருங்கள்.

பாடக்குறிப்பில் உடலைச் சூடேற்றும் பயிற்சி, அன்றைய திறன், அதனைப் பயன்படுத்தும் சிறு விளையாட்டு, வகுப்பை முடித்து ஒழுங்காகக் கலைதல் ஆகியவை இடம்பெறட்டும். நாற்பது பேருக்கு ஒரே பந்து என்றால் முப்பத்தொன்பது பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஆகவே குழுக்களாகப் பிரிக்கும் முறையையும் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். முதலுதவிப் பயிற்சியையும் தவறாமல் பெற்றுக்கொள்ளுங்கள்.

படி 4: பணித் தேர்வு

அரசுப் பள்ளிப் பணியிடங்களை ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிக்கிறது. தகுதி விவரங்களை அந்தந்த அறிவிக்கையிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி உடற்கல்வி இயக்குநராக எண்ணுவோர் எம்.பி.எட். என்னும் முதுநிலைப் படிப்பு, நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு ஆகியவற்றோடு ஓட்டப் பயிற்சியையும் கைவிடக்கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, 30 வயது வரையுள்ள ஆண்கள் 12 நிமிடத்தில் 1800 மீட்டரையும், அதே வயதுப் பெண்கள் 8 நிமிடத்தில் 1000 மீட்டரையும் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். வயது கூடக் கூட இந்தத் தூரம் குறைகிறது.