ஆர்வியிலயே குடியிருக்கணும்னா: வண்டி வாங்குறதுக்கு முன்னாடி பழக வேண்டியது

ஆர்வின்னா சமையல், படுக்கை, பாத்ரூம் எல்லாம் உள்ளயே இருக்கிற வீட்டு வண்டி. அமெரிக்காவுல அதுல முழுநேரமா இருக்கப்போறோம்னு யாராவது சொன்னா அடுத்த கேள்வி எந்த வண்டி வாங்கலாம்ங்கிறதுதான். நான் சொல்றது, முதல்ல ஒரு வாரம் வாடகைக்கு எடுங்க, அதுவும் நல்ல வெயில் அடிக்கிற வாரமா இல்லாம மழையோ குளிரோ இருக்கிற வாரமா பாத்து எடுங்க, அந்த ஏழு நாளும் ஹோட்டல் சாப்பாடு வேண்டாம், உள்ளயே சமைச்சு உள்ளயே குளிச்சு ஆபீஸ் வேலையும் உள்ளயே உக்காந்து பாருங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் 28 அடி ட்ராவல் ட்ரெய்லர்ல (என்ஜின் இல்லாம ட்ரக்குக்குப் பின்னாடி மாட்டி இழுக்கிற வண்டி) இருக்கோம், இது நாலாவது வருஷம். அப்பார்ட்மெண்ட்ல குழாயைத் திறந்தா தண்ணி வரும், ஃப்ளஷ் பண்ணா போயிடும், சுவிட்ச் போட்டா லைட் எரியும், எங்கேர்ந்து வருது எங்க போகுதுன்னு யோசிச்சதே கிடையாது. இங்க அது அத்தனையும் நம்ம கைக்கணக்கு. அந்தக் கணக்கு பிடிபட்டா இந்த வாழ்க்கை ரொம்ப நல்லா இருக்கும், பிடிபடலைன்னா எவ்வளவு காஸ்ட்லி வண்டி வாங்கினாலும் ஆறு மாசத்துல வித்துடுவீங்க.

வண்டி விஷயத்தை சுருக்கமா சொல்லிடறேன். ரெண்டு மூணு நாளைக்கு ஒரு ஊர்னு ஓடறவங்களுக்கு கிளாஸ் ஏ, கிளாஸ் சி மாதிரி என்ஜினோட சேர்ந்த வண்டி வசதி. ஒரு இடத்துல மாசக்கணக்குல நிக்கிறவங்களுக்கு ட்ராவல் ட்ரெய்லர் இல்லைன்னா ட்ரக்கோட பின்பெட்டிக்குள்ள மாட்டி இழுக்கிற ஃபிஃப்த் வீல்தான் சரி, ஏன்னா வீட்டை நிறுத்திட்டு ட்ரக்கை மட்டும் எடுத்துக்கிட்டு காய்கறி வாங்கப் போலாம். பழைய வண்டி வாங்குறதுல தப்பே இல்ல, ஆனா தண்ணி இறங்கின வண்டியை மட்டும் தொடாதீங்க. பாக்கப் போகும்போது செருப்பைக் கழட்டிட்டு வெறுங்கால்ல உள்ள நடங்க, பாத்ரூம் பக்கம், சிங்க் முன்னாடி, வாசப்படி கிட்ட தரை கொஞ்சம் அமுங்கினாலும் அடியில பலகை ஊறியிருக்குன்னு அர்த்தம். மேல் மூலைகள்ல கட்டை விரலால அழுத்திப் பாருங்க, அலமாரியைத் திறந்து மோந்து பாருங்க, வெளிச்சுவர்ல கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தா திரும்பி வந்துடுங்க. வாங்கினதுக்கப்புறமும் மூணு மாசத்துக்கு ஒருமுறை கூரை மேல ஏறி இடுக்கை அடைக்கிற சீலன்ட் வெடிச்சிருக்கான்னு பாக்கணும். புது வண்டின்னா வாரண்டி பேப்பரை முழுசா படிங்க, நிரந்தரமா குடியிருந்தா வாரண்டி செல்லாதுன்னு சில கம்பெனி எழுதியிருப்பாங்க. இன்சூரன்ஸும் அதே மாதிரிதான், ஃபுல்டைமர் பாலிசின்னு தனியா கேட்டு வாங்கணும்.

எடை. இதுல நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ட்ரக் விக்கிறவர் இது பத்தாயிரம் பவுண்டு இழுக்கும்னு சொல்வார், அது உண்மையாவும் இருக்கும், ஆனா உங்களுக்கு வேண்டியது டிரைவர் கதவைத் திறந்தா சைடுல ஒட்டியிருக்கிற மஞ்சள் ஸ்டிக்கர்ல இருக்கிற பேலோடு நம்பர், அதாவது ட்ரக் மேல ஏத்தக்கூடிய மொத்த எடை. ட்ராவல் ட்ரெய்லர் எடையில 10லேர்ந்து 15 சதவீதம் ட்ரக் மேல உக்காரும், 8,000 பவுண்டு ட்ரெய்லர்னா 800லேர்ந்து 1,200 பவுண்டு, அதோட நீங்க ரெண்டு பேரு, ட்ரெய்லரை மாட்டுற ஹிட்ச், பின்னாடி போட்ட டூல் பாக்ஸ், எல்லாம் சேர்த்தா சின்ன ட்ரக்கோட பேலோடு அங்கயே காலி. தண்ணியையும் மறக்காதீங்க, ஒரு கேலன் எட்டேகால் பவுண்டுக்கு மேல, 50 கேலன் டேங்க் நிறைஞ்சிருந்தா 400 பவுண்டைத் தாண்டிடும். ஹைவே ஓரம் ட்ரக் ஸ்டாப்ல கேட் ஸ்கேல்னு எடைமேடை இருக்கும், சாமான் எல்லாம் ஏத்தினதுக்கப்புறம் ஒருமுறை நிறுத்தி எடை போட்டுடுங்க. நாங்க முதல் தடவை போட்டப்போ 400 பவுண்டு அதிகம் இருந்துச்சு, அன்னிக்கு ராத்திரி உக்காந்து இரும்பு தோசைக்கல் ரெண்டுல ஒண்ணு, கல்யாணத்துக்கு வந்த பித்தளைப் பாத்திரம், மூணு பெட்டி புஸ்தகம் எல்லாம் ஃப்ரெண்ட் வீட்டுக்கு அனுப்பிட்டோம். டயரையும் பாருங்க, பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. ட்ரெட் புதுசு மாதிரி இருந்தாலும் அஞ்சாறு வருஷம் ஆயிடுச்சுன்னா மாத்திடுங்க, ட்ரெய்லர் டயர் வெடிச்சா அடியில இருக்கிற பைப், வயர் எல்லாத்தையும் பிச்சு எடுத்துடும்.

அடுத்து டேங்க். மூணு இருக்கும்: நல்ல தண்ணி, சிங்க்லயும் ஷவர்லயும் போற கிரே, டாய்லெட்ல போற பிளாக். புதுசா வர்றவங்க செய்ற பெரிய தப்பு, ஆர்வி நிறுத்துற பார்க்ல சீவர் (கழிவுக்குழாய்) கனெக்ஷன் இருக்கேன்னு பிளாக் டேங்க் வால்வை எப்பவும் திறந்தே வெச்சிடறது. அப்படி விட்டா தண்ணி மட்டும் ஓடிப்போய் மீதி அங்கயே குமிஞ்சு காஞ்சு சிமெண்ட் மாதிரி ஆயிடும், அதை எடுக்க ஆள் கூப்பிட்டா நல்ல செலவு. வால்வு மூடியே இருக்கணும், ஒவ்வொரு தடவையும் தண்ணி தாராளமா விடணும், முக்கால் டேங்க் ஆனதும் டம்ப் பண்ணணும், அதாவது ஹோஸ் மாட்டி சீவர்ல காலி பண்ணணும். பண்ணும்போது முதல்ல பிளாக், அப்புறம் கிரே, அப்பதான் சோப்புத் தண்ணி போய் ஹோஸைக் கழுவும். முடிஞ்சதும் பிளாக் டேங்க்ல ரெண்டு மூணு கேலன் தண்ணி ஊத்தி வெச்சுடுங்க. டம்ப் பண்றதுக்கு கிளவுஸ் தனி, கழுவுற ஹோஸ் தனி, குடிதண்ணி ஹோஸ் தனி, அதையும் இதையும் ஒரே பெட்டியில கூட வைக்காதீங்க.

நம்ம சமையலுக்கு கிரே டேங்க்ல ஒரு தனி விஷயம் இருக்கு. அரிசி களைஞ்ச தண்ணி, சாதம் வடிச்ச கஞ்சி, பருப்பு ஒட்டின பாத்திரம், இதெல்லாம் சிங்க்ல போனா வெயில் காலத்துல ரெண்டே நாள்ல வர்ற நாத்தம் பிளாக் டேங்கை விட மோசம். நான் இப்போ தட்டு, கடாய் எல்லாத்தையும் பேப்பர் டவல்ல துடைச்சு குப்பையில போட்டுட்டுதான் கழுவுறேன், சிங்க்ல மெல்லிசான சல்லடை எப்பவும் இருக்கும், எண்ணெய் ஒரு சொட்டு கூட உள்ள விடறது இல்ல. களைஞ்ச தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சு கருவேப்பிலைத் தொட்டிக்கு ஊத்திடுவேன்.

தண்ணி ஹோஸை பார்க் குழாயில சேக்கும்போது பிரஷர் ரெகுலேட்டர் இல்லாம சேக்கவே சேக்காதீங்க, சில இடத்துல பிரஷர் எக்கச்சக்கமா வரும், 45, 50 பிஎஸ்ஐ போதும். ராத்திரி உறையற குளிர்னா உள்டேங்கை நிரப்பிட்டு வெளி ஹோஸைக் கழட்டி தண்ணியை வடிச்சு வெச்சுட்டு பம்ப்ல ஓட்டுங்க, காலையில குழாய் உடைஞ்சுதான்னு பயந்துக்கிட்டு எழுந்திரிக்க வேண்டாம்.

கரண்ட்டுக்கு வரேன். 30 ஆம்ப் கனெக்ஷன்னா உங்களுக்குக் கிடைக்கிறது மொத்தமே 3,600 வாட், அவ்வளவுதான். ஏசி ஓடும்போதே 1,500 வாட் கிட்ட இழுக்கும், மைக்ரோவேவ் இன்னொரு 1,500, அதோட இன்ஸ்டன்ட் பாட் (கரண்ட் குக்கர்) போட்டா பட்டுன்னு ட்ரிப் ஆயிடும். ஊர்லேர்ந்து கொண்டு வந்த 230 வோல்ட் மிக்ஸி இங்க சரியா ஓடாது, 110 வோல்ட் மிக்ஸி, கிரைண்டர் இங்கயே விக்கிறாங்க, அதை வாங்கிடுங்க. மாவு அரைக்கிற நாள்ல எங்க வீட்ல ஒரு வரிசை உண்டு, ஹீட்டர் ஆஃப், கிரைண்டர் ஆன், அது முடியற வரைக்கும் மைக்ரோவேவ் பக்கம் யாரும் போகக்கூடாது. 50 ஆம்ப்னா ரெண்டு லைன் சேர்ந்து 12,000 வாட் வரும், இந்தக் கவலை பெருசா இருக்காது. எதுவா இருந்தாலும் சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்குங்க, வோல்டேஜ் குறைஞ்சாலும் கட் பண்ற டைப்பா பாத்து வாங்குங்க. ஒரு பழைய பார்க்ல ஜூலை மாசம் எல்லாரும் ஏசி போட்ட சாயங்காலம் வோல்டேஜ் 102க்கு இறங்கிடுச்சு, எங்க ஏசி தப்பிச்சது அந்தப் பெட்டியாலதான்.

கனெக்ஷனே இல்லாத காட்டுல நிக்கணும்னு ஆசைன்னா முதல்ல பேப்பர்ல கணக்குப் போடுங்க. 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரின்னா சுமார் 1,200 வாட் ஹவர். ரெண்டு லேப்டாப் எட்டு மணி நேரம், ஒவ்வொண்ணும் 60 வாட்னு வெச்சாலே 960. சாட்டிலைட் இன்டர்நெட்டுக்கு வைக்கிற ஸ்டார்லிங்க் 50லேர்ந்து 75 வாட் இழுக்கும், பத்து மணி நேரத்துக்கு 500க்கு மேல. ஆக வேலை பாக்கிறதுக்கு மட்டுமே ஒரு பேட்டரி பத்தாது, லைட், ஃபேன், பம்ப் எல்லாம் தனி. அதனால வேலை பாக்கிற தம்பதிக்கு 300 ஆம்பியர் ஹவரும் 600 வாட் சோலாரும் இல்லாம நான் இறங்கச் சொல்ல மாட்டேன். லெட் ஆசிட் பேட்டரின்னா பாதி வரைக்கும்தான் எடுக்கணும். லித்தியத்தை ஜீரோ டிகிரி செல்சியஸுக்குக் கீழ சார்ஜ் பண்ணக்கூடாது, மலையில குளிர் காலம் தங்கறவங்க கவனிச்சுக்கோங்க.

தாளிக்கிறது பத்தி கட்டாயம் சொல்லணும். கடுகு வெடிச்சு மிளகா வத்தல் போட்ட அடுத்த நிமிஷம் ஸ்மோக் டிடெக்டர் அலறும், சத்தம் தாங்காம பேட்டரியை எடுத்து வைக்கிறவங்களைப் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க, இந்தச் சின்ன வண்டிக்குள்ளதான் நாம தூங்குறோம். கூரை ஃபேனைப் போட்டு ஒரு ஜன்னலைத் திறந்துட்டு தாளிங்க. வறுவல், மீன், அப்பளம் எல்லாம் வெளிய மடக்கு டேபிள்ல கேஸ் அடுப்பு வெச்சுதான், இல்லைன்னா அந்த எண்ணெய் ஆவி மெத்தை துணியில ஏறிடுச்சுன்னா போகவே போகாது. குளிருதுன்னு அடுப்பைப் பத்த வெச்சு உள்ள சூடு பண்றது உயிருக்கு ஆபத்து. கேஸ் டிடெக்டர், கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் ரெண்டுக்கும் காலாவதி தேதி பின்னாடி போட்டிருக்கும், பழைய வண்டி வாங்கினா முதல் நாளே அதைப் பாருங்க. இட்லி மாவு குளிர்ல பொங்கலைன்னு கவலைப்படுறவங்க இன்ஸ்டன்ட் பாட்டோட யோகர்ட் மோடுல வெச்சுடுங்க, காலையில மூடியைத் தள்ளிக்கிட்டு நிக்கும்.

தங்குறதுக்கு, தினசரி ரேட்டை விட மாச ரேட் ரொம்பக் குறைவு, ஆனா கரண்ட் மீட்டர் தனியா வரும். வண்டி பத்து வருஷத்துக்கு மேல பழசுன்னா சேக்காத பார்க்குகளும் உண்டு, போன்லயே கேட்டுடுங்க. மேற்கு மாநிலங்கள்ல பிஎல்எம் நிலம்னு அரசாங்க நிலம் நிறைய இருக்கு, பெரும்பாலான இடத்துல 28 நாள்ல 14 நாள் வரைக்கும் காசில்லாம நிக்கலாம், அப்புறம் நகர்ந்துடணும். அரிசோனாவுல குவார்ட்ஸைட் பக்கத்துல லா போசான்னு மாசக்கணக்குல தங்கவிடற ஒரு பிஎல்எம் இடம், செப்டம்பர் 15லேர்ந்து ஏப்ரல் 15 வரைக்கும் சீசன், பல வருஷமா மொத்த சீசனுக்கும் 180 டாலர்தான் வாங்கிட்டு இருந்தாங்க, தண்ணியும் டம்ப் ஸ்டேஷனும் உண்டு. வெயில் காலத்துல அங்க இருக்க முடியாது, மேட்டுக்கு ஏறிடணும். ஆயிரம் அடி ஏறினா மூணு நாலு டிகிரி ஃபாரன்ஹீட் குறையும்னு வெச்சுக்கோங்க, ஃபீனிக்ஸ் கொதிக்கிற நாள்ல 7,000 அடி கிட்ட இருக்கிற ஃப்ளாக்ஸ்டாஃப்ல சாயங்காலம் ஸ்வெட்டர் தேடுவோம்.

கடைசியா அட்ரஸ், ஆனா முதல்ல முடிக்க வேண்டிய வேலை இதுதான். லைசன்ஸ், வோட்டு, வரி, இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் ஒரு மாநிலம் வேணும். ஃபுல்டைமர்கள் அதிகமா எடுக்கிறது சவுத் டகோட்டா, டெக்சாஸ், ஃப்ளோரிடா, மூணுலயும் மாநில வருமான வரி கிடையாது, தபாலை வாங்கி அனுப்புற சர்வீஸும் நல்லா நடக்குது. ஆனா வேற மாநிலத்துல உக்காந்து மாசக்கணக்குல சம்பாதிச்சா அந்த மாநிலம் வரி கேட்கலாம். ஹெல்த் இன்சூரன்ஸ் மாநிலத்துக்கு வெளிய எமர்ஜென்சிக்கு மட்டும்தானான்னு பாத்து எடுங்க.

ஹெச்1பி வேலை விசாவுல இருக்கிற நம்ம பசங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க வேலை எந்த ஊர்லேர்ந்துன்னு பேப்பர்ல எழுதியிருக்கு, வீட்லேர்ந்து வேலைன்னாலும் அந்த வட்டாரத்தைத் தாண்டி இடம் மாறினா கம்பெனி திருத்தின பெட்டிஷன் போட வேண்டி வரும், குடியிருப்பு மாறினா பத்து நாளைக்குள்ள இமிக்ரேஷனுக்கு ஏஆர்-11 ஃபார்ம்ல தெரிவிக்கணும். மேனேஜர் ஓகே சொன்னார்னு கிளம்பிடாதீங்க, இமிக்ரேஷன் லாயர்கிட்ட கேட்டு எழுத்துல வாங்குங்க. நாங்க இந்த ஆசையை கிரீன் கார்டு வர்ற வரைக்கும் அஞ்சு வருஷம் பூட்டி வெச்சிருந்தோம், இடையில வாரக்கடைசி வாடகை வண்டியோட சரி.

கிளம்புற காலைக்கு ஒரு பழக்கம் வெச்சுக்கோங்க. ஃப்ரிட்ஜ் கதவு கொக்கி, கூரை ஃபேன் மூடி, சிலிண்டர் வால்வு, தண்ணி, சீவர், கரண்ட் கேபிள், படிக்கட்டு, ஜாக், ஹிட்ச் பின், சேஃப்டி செயின், பிரேக் லைட், கடைசியா வீல் கட்டை. ஒருத்தர் முடிச்சதும் இன்னொருத்தர் தனியா வண்டியைச் சுத்தி வந்து ஒவ்வொண்ணையும் கையால தொட்டுப் பாக்கணும். நடுவுல பக்கத்து சைட்டுக்காரர் பேச வருவார், கண்டிப்பா வருவார், கிளம்புறப்பதான் வருவாங்க. நல்லா பேசி அனுப்புங்க, ஆனா அவர் போனதுக்கப்புறம் விட்ட இடத்துலேர்ந்து தொடராதீங்க, ஃப்ரிட்ஜ் கொக்கிலேர்ந்து மறுபடி ஆரம்பிங்க.