கணக்கெடுப்பிலிருந்து ஒரு நகரத்தின் மக்கள்தொகையைச் சரியாக எடுப்பது எப்படி

சென்னையின் 2011 மக்கள்தொகையைத் தேடினால் 46.5 லட்சமும் வரும், 67 லட்சமும் வரும், 86.5 லட்சமும் வரும். மூன்றுமே சரி, எல்லைதான் வேறு. முதலாவது அன்றைய 174 சதுர கிலோமீட்டர் மாநகராட்சிக்கு உரியது. அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது, 67 லட்சம் அந்தப் பரப்புக்கு. மூன்றாவது, ஒட்டிக் கிடக்கும் ஊர்களையும் சேர்த்த நகரத்திரளுக்கு. எண்ணைத் தொடுவதற்கு முன் எந்த எல்லை வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, உங்கள் ஊர் எந்த வகை என்று பாருங்கள். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகியவை சட்டப்படியான நகரங்கள். 'சென்சஸ் டவுன்' என்பது வேறு: நிர்வாகத்தில் அது ஊராட்சியாகவே இருக்கும், கணக்கெடுப்பில் மட்டும் நகரமாக வரும். அதற்கு மூன்று நிபந்தனைகள்: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், ஆண் முதன்மைப் பணியாளர்களில் (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்தவர்களில்) 75 சதவீதமாவது விவசாயம் சாராத வேலை. தமிழ்நாட்டில் 2011இல் இப்படி 376 ஊர்கள் இருந்தன. நகராட்சிப் பட்டியலில் பெயர் இல்லையே என்று பலர் தேடலைக் கைவிடுவது இந்த ஊர்களில்தான்.

கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் 'பிரைமரி சென்சஸ் அப்ஸ்ட்ராக்ட்' என்ற, ஊர்வாரியான அடிப்படை எண்கள் உள்ள எக்செல் கோப்பை மாவட்டவாரியாக இறக்குங்கள். 'லெவல்' பத்தியை வடிகட்டாமல் கூட்டிவிடாதீர்கள். நகரத்துக்கு ஒரு வரி, அதன் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு வரி என்று இருப்பதால் மொத்தம் இரட்டிப்பாகிவிடும். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு; 2011 கோப்புக்குள் ஆறு இலக்க நகரக் குறியீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2001 கோப்போடு ஒப்பிடும்போது அந்தக் குறியீடு பொருந்தாது, பெயரையும் தாலுகாவையும் வைத்துத்தான் இணைக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்தவுடன் வெளியான தற்காலிக எண்களை இறுதி எண்களோடு கலக்கவும் கூடாது.

வளர்ச்சி விகிதத்துக்குக் கோவையை எடுத்துக்கொள்வோம். மாநகராட்சியில் 2001இல் 9,30,882 பேர், 2011இல் 10,50,721 பேர். வித்தியாசத்தை முதல் எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால் 12.87 சதவீதம். ஆண்டு விகிதம் வேண்டுமென்றால் இதைப் பத்தால் வகுத்து 1.29 என்று எழுதிவிடுவார்கள், அது தவறு. கூட்டு வளர்ச்சி என்பதால் 1.1287இன் பத்தாம் மூலம் எடுத்து, அதிலிருந்து 1ஐக் கழித்து, நூறால் பெருக்க வேண்டும். கிடைப்பது 1.22 சதவீதம். 2011 கணக்கெடுப்புக்குப் பிறகு விரிந்த எல்லைக்குள் அதே கணக்கெடுப்பின்படி சுமார் 16 லட்சம் பேர். அந்த எண்ணை 2001இன் பழைய எல்லை எண்ணோடு வைத்தால் வளர்ச்சி 70 சதவீதத்தைத் தாண்டும். குழந்தைகள் பிறந்ததாலோ ஆட்கள் குடிவந்ததாலோ வந்த வளர்ச்சி அல்ல அது, கோடு நகர்ந்ததால் வந்தது. இரண்டு ஆண்டுகளையும் ஒரே எல்லைக்குள் கொண்டுவர, பின்னர் இணைந்த ஊராட்சி, பேரூராட்சிகளின் பழைய எண்களையும் தேடிக் கூட்டுவதுதான் வழி. அலுப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது.

எழுத்தறிவு விகிதத்தில் 0–6 வயதுக் குழந்தைகளை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2011இல் மொத்தம் 7,21,47,030 பேர், அதில் குழந்தைகள் 74,23,832, எழுத்தறிந்தோர் 5,18,37,507. கழித்து வகுத்தால் 80.09 சதவீதம். கழிக்க மறந்தால் 71.85. அதிகாரப்பூர்வ எண்ணோடு உங்கள் விடை எட்டு புள்ளி அளவு இடித்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

பாலின விகிதம் ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பது. சிறிய ஊரில் ஒரு பெரிய விடுதியோ சிறைச்சாலையோ இருந்தாலே அது சாய்ந்துவிடும். அங்கே 0–6 வயது விகிதத்தையும் தனியாகப் பார்த்த பிறகே எதையும் சொல்லுங்கள்.

2011க்குப் பிந்தைய ஆண்டுகளுக்குக் கிடைப்பவை மதிப்பீடுகளே. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள், அதாவது எண்கள் எந்த நாளின் நிலையைக் காட்டுமோ அந்த நாள், 2027 மார்ச் 1. அதுவரை ஒரு மதிப்பீட்டைப் பயன்படுத்தினால் அடிப்படை ஆண்டு, எல்லை, எடுத்துக்கொண்ட ஆண்டு வளர்ச்சி விகிதம் மூன்றையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். கடைசி இலக்கம் வரை தராமல் ஆயிரத்துக்கோ லட்சத்துக்கோ முழுமையாக்கிக் கொடுங்கள்.