‘போலி’யைத் தப்பான இடத்தில் போடாதீர்கள்

போல் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான் போலி. இன்னொன்றைப் போல இருப்பது, அதாவது அசல் என்று ஒன்று இருந்து அதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டு நிற்பது. இதை மறந்துவிட்டு, நிஜம் இல்லாத எல்லாவற்றுக்கும் இந்த ஒரே முத்திரையைக் குத்துவதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

‘சான்றிதழின் போலியை இணைத்துள்ளேன்’ என்று ஒருவர் விண்ணப்பத்தில் எழுதினால் அது கிட்டத்தட்ட ஒப்புதல் வாக்குமூலம். அவர் சொல்ல வந்தது நகல். டூப்ளிகேட் என்று பேசிப் பேசி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம், தொலைந்ததற்குப் பதிலாக முறைப்படி வாங்குவதும் டூப்ளிகேட், திருட்டுத்தனமாக அச்சடித்ததும் டூப்ளிகேட்! கவரிங் நகையும் அப்படித்தான். கவரிங் என்று சொல்லி விற்றால் அது போலி இல்லை, தங்கம் என்று சொல்லி விற்றால்தான் போலி.

அதிகம் சறுக்குவது ‘கள்ள’ வரும் இடங்களில். கள்ள ஓட்டில் ஓட்டுச்சீட்டு அசல்தான், போட்ட ஆள்தான் வேறு, அதனால் அதைப் போலி ஓட்டு என்றால் விஷயமே மாறிவிடும். கள்ளச்சந்தையில் நல்ல சரக்கே விற்கலாம், விற்கும் வழிதான் சட்டவிரோதம். கள்ளநோட்டு மட்டும் உண்மையிலேயே போலி, ஆனாலும் நாக்கில் பழகியது கள்ளநோட்டுதான். ‘போலியான கள்ளநோட்டு’ என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், கள்ளநோட்டில் அசல் வேறு இருக்கிறதா என்ன?

பொய் என்பது இன்னொரு ரகம். பொய்க்கோபத்தில் ஒரு செல்லம் இருக்கிறது, அதையே போலிக் கோபம் என்றால் கசந்துவிடுகிறது. பொய்க்கால் குதிரையைப் போலிக்கால் குதிரை என்று யாராவது சொல்வோமா? செயற்கைக் கால், செயற்கைப் பல் எல்லாம் யாரையும் ஏமாற்ற வந்தவை இல்லை, அவற்றுக்குச் செயற்கை போதும்.

அப்புறம் ஒற்று. போலிச் சான்றிதழ், போலிக் கணக்கு, போலிப் பத்திரம் என்று மிகும். ‘போலியான’ என்று நீட்டினால் மிகாது, போலியான பத்திரம் என்பதே சரி. ‘போலியாக’ வந்தால் மறுபடி மிகும், போலியாகத் தயாரித்த பத்திரம். இன்னொன்று, தின்கிற பண்டம் போளி, பெரிய ளகரம். தேங்காய்ப் போலி என்று எழுதினால் உள்ளே தேங்காய் இல்லை என்றுதான் படும்.

இலக்கணப் பாடத்தில் வரும் போலிக்கும் மோசடிக்கும் சம்பந்தம் கிடையாது. எழுத்து மாறினாலும் பொருள் மாறாமல் நிற்பதற்குத்தான் அங்கே அந்தப் பெயர். மஞ்சு மைஞ்சு ஆவது முதற்போலி, அரசு அரைசு ஆவது இடைப்போலி, முகம் முகன் ஆவது கடைப்போலி, ஐந்து அஞ்சு ஆவது முற்றுப்போலி. வீட்டின் முன்பக்கமான இல்முன் என்பதை முன்றில் என்று முன்பின் மாற்றிச் சொல்வது இலக்கணப் போலி. போலி என்ற பெயரைப் பார்த்ததும் முன்றிலைத் தப்பான சொல் என்று நினைத்து அடித்துத் திருத்திவிடாதீர்கள்.