பரோட்டா ஊரில் கோதுமை இல்லாத அடுப்பு

எங்கள் வீட்டில் கோதுமை கடைசியாக ஒளிந்திருந்த இடம் பெருங்காய டப்பா.

சப்பாத்தி, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. மகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்துவிட்டது. ஆனால் உடம்பு கோதுமையை எதிர்ப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. "அஞ்சறைப் பெட்டியில் தொடங்கி வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார் டாக்டர். எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தச் சின்ன டப்பாவைத் திருப்பி, எறும்பு அளவு எழுத்தைப் படித்தேன். பிசின், கோதுமை மாவு, அதன் பிறகுதான் பெருங்காயம். சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் தினம் தவறாமல் கோதுமையை நானே தாளித்துக் கொட்டியிருக்கிறேன்.

நான் விருதுநகரில் வீட்டிலிருந்தே துணி தைக்கிறேன். கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். அத்தையும் மகளும் சேர்த்து நாங்கள் நான்கு பேர். மளிகை, காய்கறி, பால், முட்டை எல்லாம் மாதம் ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டும். ஊரோ எண்ணெய்ப் பரோட்டாவுக்குப் பேர்போனது. மகளுக்கு ஆறு வயதில் சீலியாக் என்று தெரிந்தது, கோதுமையில் உள்ள குளூட்டன் குடலைக் கெடுக்கும் நோய் அது. இப்போது அவளுக்குப் பத்து வயது. இந்த நான்கு வருடத்தில் பணத்தை எங்கே வீணாக்கினோம், எங்கே மிச்சம் பிடித்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் குடலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதும் முடியும்வரை வழக்கம்போல் சாப்பிட வேண்டும். முன்கூட்டியே நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். எங்கள் பக்கம் இந்த நோயை எளிதில் நினைக்க மாட்டார்கள். பூச்சி மருந்தும் இரும்புச் சத்து டானிக்குமாக எங்களுக்கு இரண்டு வருடம் போனது. இந்த நோயோ கோதுமை ஒவ்வாமையோ இல்லாமல், உடம்பு இளைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கோதுமையை விடுகிறவர்களுக்கு இந்தப் பாடு தேவையில்லை.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். மைதா, ரவை, சம்பா ரவை, ஆட்டா எல்லாம் கோதுமைதான். பால் கலந்து குடிக்கும் மால்ட் பானங்களில் பெரும்பாலும் பார்லி இருக்கும். சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. ராகி சேமியா என்று பெரிதாக அச்சிட்ட பாக்கெட்டின் பின்பக்கத்திலும் கோதுமை மாவு இருக்கலாம். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவிலும் கோதுமை உண்டு. ஓட்ஸில் இயல்பாக இல்லை என்றாலும், விளையும் இடத்திலும் அரைக்கும் இடத்திலும் கலந்துவிடுகிறது. நாங்கள் அதை வாங்குவதே இல்லை.

மற்றபடி அரிசி, கேப்பை, கம்பு, சோளம், குதிரைவாலி, எல்லாப் பருப்பும், காய், கீரை, கிழங்கு, மீன், முட்டை, பால், தேங்காய், நிலக்கடலை என்று எதிலும் குளூட்டன் இல்லை. அப்படியானால் செலவு ஏன் கூடுகிறது? முதல் இரண்டு மாதம் நாங்கள் செய்ததைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். இழந்த சப்பாத்திக்கும் பிஸ்கட்டுக்கும் மாற்றுத் தேடி மதுரையில் பெரிய கடைக்குப் போனோம். உள்ளங்கை அளவு ரொட்டி இருநூறு ரூபாய்க்கு மேல். வீட்டுக்கு வந்து படித்தால் மரவள்ளி மாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான். புரதமும் இல்லை, நாரும் இல்லை. அதே கடையில் அரிசிப் பையிலும் "குளூட்டன் இல்லாதது" என்று ஒட்டி விலையை ஏற்றியிருந்தார்கள். அரிசியில் அது எப்போது இருந்தது? அந்த முத்திரையை நான் பார்ப்பது பெருங்காயம், மசாலாப் பொடி போன்று அரைத்து வரும் பொருள்களுக்கு மட்டும். சட்டப்படி அந்த வார்த்தையைப் போட வேண்டுமென்றால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

அத்தை அப்போது சொன்னார்: "கேப்பைக் களி தின்ற காலத்தில் இந்த நோய் யாருக்கு இருந்தது?" நோய் இருந்திருக்கும், பெயர்தான் தெரிந்திருக்காது. ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை என்று டாக்டர் ஒரு கதை சொன்னார். நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில் பஞ்சம் வந்து ரொட்டியே கிடைக்காமல் போனபோது, இந்த நோய் உள்ள குழந்தைகள் தேறினார்களாம். ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்துவிட்டார்கள். கோதுமையின் மேல் ஏற்கெனவே சந்தேகப்பட்டிருந்த டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு அது உறுதியானது. ஏழை வீட்டுச் சாப்பாட்டில்தான் தேறுவார்கள் என்றால் அது நமக்குக் கைவந்ததுதானே என்று அன்றைக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

ரேஷன் கடையிலிருந்து தொடங்குங்கள். விலையில்லா அரிசி, 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில். கோதுமை வேண்டாம், அரிசியாகவே போடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். அந்த அரிசியைக் களையும்போது சில மணிகள் மிதக்கலாம். பிளாஸ்டிக் என்று பயந்து அக்கம்பக்கத்தார் எடுத்து எறிகிறார்கள். அது இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாவிலேயே செய்த மணி. குடல் உறிஞ்சாமல் ரத்தம் குறைந்த குழந்தைக்கு வேண்டியது அதுதான். நான் இரண்டு தண்ணீருக்கு மேல் களைவதில்லை.

மூன்று வேளையும் அரிசியே போட்டு வயிற்றை நிரப்பிவிட்டால் அது மலிவு, ஆனால் சத்து இல்லை. கேப்பையில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எங்கள் கரிசல் பக்கம் கேப்பையும் கம்பும் சோளமும் முழுத் தானியமாக வாங்கினால் கிலோ ஐம்பது ரூபாயை ஒட்டித்தான் வரும். குதிரைவாலி எங்கள் மானாவாரி நிலத்திலேயே விளைந்தும், உமி நீக்கிய அரிசியாக வரும்போது விலை இரட்டிப்பாகிறது. அதை நாங்கள் மாதம் ஒரு முறை சமைப்போம். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து பளபளப்பான பாக்கெட்டுகள் பெருகிவிட்டன. நமக்கு வேண்டியது சாக்கு மூட்டைதான்.

சாக்கு மூட்டையில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே முகவையால் எல்லாத் தானியத்தையும் அள்ளுவார்கள். ஆகவே சுளகில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, வெளிச்சத்தில் வைத்துப் பொறுக்குவேன். கோதுமை மணி நீளமாக, வயிற்றில் கோடு விழுந்து, கம்புக்கு நடுவில் தனியாகத் தெரியும். ஒரு தடவை இரண்டு கிலோ கம்பில் பதினோரு மணி எடுத்தேன். பொறுக்கிய பிறகு மூன்று தண்ணீரில் அலசிவிடுவேன்.

அடுத்தது மாவு மில். இதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அரிசிக்குத் தனி மிஷின் இருக்கிறது என்று அண்ணாச்சி சொன்னார். ஆனால் கூட்டம் சேர்ந்தால் அதிலேயே கோதுமையும் ஓடும். வெள்ளிக்கிழமை காலையில் மிஷினைத் துடைத்துப் பொட்டு வைப்பார்கள் என்பதைக் கவனித்து, சூடம் அணைவதற்குள் முதல் ஆளாகப் போய் நின்றேன். முதலில் அரைக் கிலோ ரேஷன் அரிசியை ஓட்டி மிஷினைக் கழுவுவதுபோல் கழுவி, அந்த மாவைக் கோலத்துக்கு வைத்துக்கொள்வேன். பிறகுதான் எங்கள் கேப்பை. ஒரு வருடம் இப்படி ஓடியது. ஒரு நாள் அண்ணாச்சியே சொன்னார்: "தாயீ, மிஷினை நான் துடைத்துவிடுவேன். சுவரில் ஒட்டியிருக்கிறதையும் காற்றில் பறக்கிறதையும் என்ன செய்ய?" நிமிர்ந்து பார்த்தேன். மின்விசிறி இறக்கையிலும் வயரிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. அன்றோடு மில்லை விட்டுவிட்டேன்.

மாவு இல்லாமலே பாதிச் சமையல் நடக்கும். கேப்பையை முழுதாக ஊறவைத்து அரைத்தால் போதும். மூன்று டம்ளர் கேப்பை, ஒரு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். கேப்பையைக் காலையிலேயே நனைத்துவிடுங்கள், எட்டு மணி நேரமாவது வேண்டும். உளுந்தைத் தனியாகப் பொங்க அரைத்துக் கலந்து, இரவு முழுதும் புளிக்கவிட்டால் மூன்று நாளைக்கு இட்லியும் தோசையும் ஆகும். கம்புக்கும் இதே கணக்கு. கடையில் விற்கும் மாவை வாங்குவதில்லை. அந்தக் கிரைண்டரில் முன்பு என்ன ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

பெருங்காயத்துக்கு வருகிறேன். கட்டியாக இருந்தால் கலப்பில்லை என்று நினைக்காதீர்கள், கட்டியிலும் மாவு உண்டு. கலப்பில்லாத பால் பெருங்காயம் எங்கள் கைக்கு எட்டாத விலை. கோதுமைக்குப் பதில் அரிசி மாவு சேர்த்தது கிடைத்தால் வாங்குகிறேன். கிடைக்காத மாதம் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போடுகிறேன். ரசம் கெட்டுப்போகவில்லை.

புரதத்துக்கும் இரும்புக்கும் நான் பிடித்து வைத்திருப்பவை கொல்லையில் நிற்கும் முருங்கை, வாரம் இரண்டு டஜன் முட்டை, நிலக்கடலை, மலிவாக வரும் நாளில் நெத்திலி. கீரை சமைக்கும் நாளில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருக்கும். புளிப்பு இருந்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடும். தின்பண்டத்துக்கு எங்கள் வட்டாரம் கைகொடுக்கிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கடலையும் வெல்லமும்தான், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா பாலும் சர்க்கரையும்தான். சாத்தூர்ச் சேவு கடலை மாவுதான் என்றாலும், பெருங்காயமும் பொரிக்கிற எண்ணெயும் தெரியாமல் கொடுப்பதில்லை. பூரி பொரித்த எண்ணெயில் வடை பொரித்தால் வடையும் ஆகாது.

பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி நாள்களே அதிகம் என்பதால் காலையும் மதியமும் வீட்டிலிருந்து கொடுத்துவிடுகிறேன். சத்துணவில் தரும் முட்டையை மட்டும் ஓட்டோடு வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஓட்டோடு அவித்த முட்டைக்குள் எந்த மாவும் நுழையாது. கல்யாண வீட்டில் இலையில் சோறும் கெட்டித் தயிரும் வாழைப்பழமும். பருப்புப் பொடியும் நெய்யும் என் பையில் இருக்கும்.

வீட்டில் இரண்டு சமையல் வேண்டாம். தனித் தோசைக்கல், தனிச் சல்லடை, தனி எண்ணெய் என்று வைத்துக் காப்பாற்றுவதைவிட, வீட்டுக்குள் கோதுமையே வராமல் செய்வது எனக்கு மலிவாக இருந்தது. மாவு படிந்த பழைய சல்லடையையும் சப்பாத்திக் கட்டையையும் நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி சோள ரொட்டி. வெள்ளைச் சோளத்தைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் கால் கிலோ கால் கிலோவாக அரைத்துச் சலிப்பேன். சல்லடையில் நிற்கும் குருணை மறுநாள் கஞ்சிக்கு ஆகும். இழுத்துப் பிடிக்கிற பசை சோளத்தில் கிடையாது. அதனால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் பிளந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரை உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, ஒரு டம்ளர் மாவைக் கொட்டிக் கரண்டிக் காம்பால் கிளறி மூடிவைக்க வேண்டும். மாவு வெந்து தானே பசையாகும். கை பொறுக்கும் சூட்டில் ஐந்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, ஈரத் துணியில் வைத்துத் தட்டி, காய்ந்த கல்லில் போட்டு மேல்புறம் தண்ணீர் தடவுங்கள். மாவு பழையதாக இருந்தால் என்ன செய்தாலும் விளிம்பு விரியும். பத்து நாளைக்கு மேல் வைக்காதீர்கள்.

தேங்காயும் பொட்டுக்கடலையும் அரைத்த சால்னாவை ஊற்றி, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்துச் சாப்பிடுவாள் மகள். கணவரும் கூட உட்கார்ந்து இரண்டு சாப்பிடுவார். பிறகு மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். எங்கே என்று யாரும் கேட்பதில்லை. திரும்பி வந்தால் வாசல் குழாயில் கையும் வாயும் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கழுவினாரா என்று முகர்ந்து பார்ப்பது அவள் வேலை.