புயல் செய்தியைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு சிக்கி நின்றது. அந்த நேரத்தில் வங்கக்கடலில் புயல் எதுவும் இல்லை. தாழ்வு மண்டலம்கூட இல்லை. குமரிக்கடல் பக்கம் இருந்தது வெறும் வளிமண்டலச் சுழற்சி.

"புயல் இல்லையாமே, அப்போ பயமில்லை" என்று டிவியை அணைத்துவிடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. வானிலை மையம் தரும் தரவரிசை காற்றை மட்டுமே அளக்கிறது. மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வேகம் என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல், அப்போதுதான் பெயர் வைப்பார்கள். 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரப் புயல் என்று ஏறி, 222-ஐத் தாண்டினால் சூப்பர் புயல். இந்த ஏணியில் மழைக்கு ஒரு படிகூட இல்லை. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்ததும் புயல் அல்ல.

அடுத்தது, கடல் சூடாக இருந்தாலே புயல் வந்துவிடும் என்ற நம்பிக்கை. சூடு வேண்டும்தான். கடல் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், அந்த வெப்பம் ஐம்பது மீட்டர் ஆழம் வரையாவது இறங்கியிருக்க வேண்டும். ஈரக்காற்று மேலேறி மேகமாகக் குளிரும்போது வெளிவிடும் வெப்பம்தான் புயலுக்கு எரிபொருள். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் வங்கக்கடல் சூடாகத்தானே இருக்கிறது, அப்போது ஏன் பெரிய புயல்கள் அரிது? தென்மேற்குப் பருவக்காலத்தில் கீழே மேற்குக் காற்று, பதினான்கு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பலத்த கிழக்குக் காற்று. கீழே திரளும் மேகக் கூட்டத்தின் தலையை மேலே வீசும் காற்று வேறு பக்கம் இழுத்துப் போய்விடும். மேகத் தூண் நிமிர்ந்து நிற்காவிட்டால் வெப்பம் ஓரிடத்தில் சேராது, மையத்தில் அழுத்தமும் இறங்காது. அக்டோபரில் இந்த முரண் தளர்கிறது. நம் புயல் மாதங்கள் அங்கே தொடங்குகின்றன. இன்னொன்று, நிலநடுக்கோட்டை ஒட்டிய கடல் எவ்வளவு சூடானாலும் அங்கே புயல் உருவாவது அபூர்வம். காற்றை வளைத்துச் சுழலவிடும் பூமியின் சுழற்சி விசை அங்கே அநேகமாக இல்லை.

செயற்கைக்கோள் படத்தில் சுருண்டு தெரிவதெல்லாம் ஒரே வகை என்று நினைப்பதும் தவறு. வெப்பமண்டலப் புயல் கடல் சூட்டில் வாழ்வது; கரையேறினால் பட்டினிதான். மிதவெப்ப மண்டலத்தில் உருவாகும் புயல் வேறு. குளிர்ந்த காற்றும் வெப்பக் காற்றும் மோதும் எல்லையில் பிறப்பதால் நிலத்தின் மேலும் உயிரோடு இருக்கும், பனியும் கொட்டும். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்து காஷ்மீருக்குப் பனியும் பஞ்சாபின் கோதுமைக்கு மழையும் தரும் மேற்கத்திய இடையூறு அந்த வகைதான். ஆனால் பசிபிக்கின் டைஃபூன், அட்லாண்டிக்கின் ஹரிக்கேன், நம் புயல் மூன்றும் ஒரே வகை, கடல்தான் வேறு. அதற்காக எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது. இந்திய வானிலைத் துறை 3 நிமிடச் சராசரிக் காற்றைச் சொல்கிறது, அமெரிக்க மையங்கள் 1 நிமிடச் சராசரியை. அதே புயல் அவர்கள் கணக்கில் வலுவாகத் தெரியும். அதைப் பார்த்து "இங்கே மறைக்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவது அநியாயம்.

வரைபடத்தில் கோடு கரையைத் தொடும் புள்ளியை மட்டும் பார்ப்பவர்கள் நிறைய. 2023-இல் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. அதற்கு முன்பே சென்னை மூழ்கியிருந்தது. மேலும், புள்ளிக்கு வடக்கும் தெற்கும் ஒன்றல்ல. நம் பக்கம் புயல் காற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். கிழக்கிலிருந்து வந்து கரையேறும் புயலுக்கு வடபுறம் காற்று கடலிலிருந்து கரை நோக்கி வீசும், புயலின் நகர்வேகமும் அதோடு சேரும். கடல் ஊருக்குள் ஏறுவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். தென்புறம் காற்று நிலத்திலிருந்து கடல் நோக்கித் தள்ளுவதால் தண்ணீர் பின்வாங்கும். அதைப் பார்த்துச் சுனாமி என்று பதறத் தேவையில்லை, அதற்காக இறங்கி வேடிக்கை பார்க்கவும் கூடாது. ஆழம் குறைந்த கடலில் இந்த நீர்ப்பெருக்கு இன்னும் உயரும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியையும் அங்கே வந்துகொண்டிருந்த ரயிலையும் கொண்டுபோனது அதுதான்.

புயலின் கண்ணை, அதாவது காற்று அடங்கிக் கிடக்கும் அதன் நடுப்பகுதியை, நம்புவது உயிருக்கே ஆபத்து. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா சென்னையைக் கடந்தபோது நடுவில் காற்று சட்டென்று அடங்கியது. கண் வருவதற்கு முன் வடக்கிலிருந்து அடித்த காற்று, அது கடந்த பிறகு தெற்கிலிருந்து அடிக்கும். முதல் பாதியில் வேர் தளர்ந்த மரமும், ஒரு மூலை பிடுங்கிய தகரக் கூரையும் இந்த எதிர்க்காற்றில்தான் விழும். காற்று நின்றதும் வண்டியை எடுத்துப் பார்க்கக் கிளம்பாதீர்கள்.

துறைமுகக் கூண்டு எண்ணையும் பலர் புயலின் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கிறார்கள். 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாயம்தான். புயல் அந்தத் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடக்குமா, வலப்பக்கம் விட்டா, நேராக அதன் மேலா என்பதே வித்தியாசம். 11 இன்னும் பெரிய புயல் அல்ல. தகவல் தொடர்பு அறுந்துபோனது என்று அர்த்தம்.

தாழ்வு மண்டலம்தானே என்று கடலுக்குப் போவது இன்னொரு ஆபத்து. 2017 நவம்பர் 29 காலையில் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி மறுநாள் காலையில் புயல். பல நாள் மீன்பிடிக்கு ஆழ்கடல் போயிருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்களுக்குத் திரும்பி வர அவகாசமே இல்லை.

அப்புறம், "வலுவிழந்தது" என்ற செய்தி. அதைக் கேட்டதும் ஆபத்து முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். 2018-இல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி, டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்து, மாநிலத்தின் குறுக்கே போய் அரபிக்கடலில் இறங்கியது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், நகர்த்த வேண்டிய மேல்காற்று பலவீனமாக இருந்ததால் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. புயல் என்ற தகுதியை இழந்து உள்ளே நகர்ந்த பிறகு, கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையிலும் கிட்டத்தட்ட அதே அளவு. அந்தத் தண்ணீரும் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரும் தென்பெண்ணையில் இறங்கி விழுப்புரம், கடலூர் கிராமங்களுக்குள் புகுந்தன. அதனால் வலுவிழந்தது என்று கேட்டதும், உங்கள் ஊர் ஆறு எந்த மாவட்டத்திலிருந்து வருகிறதோ அந்த மாவட்டத்தின் மழை எச்சரிக்கையைப் பாருங்கள்.