மக்காச்சோள மாதிரி: தரம் பார்க்கக் கொடுக்கும் முன்பே நேரும் தவறுகள்

தை மாதத்தில் ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி பக்கம் போனால் களம், சாலையோரம் எங்கும் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருக்கும். நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போகிற சரக்கு. லாரி நிறைய ஏற்றினாலும் அதன் விலையை முடிவு செய்வது ஒரு சிறு பை மாதிரிதான். அதை எடுப்பதில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் எனக்குப் பெரிய வருத்தம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் சித்தப்பா, உச்சி வெயிலில் குவியலின் மேலிருந்து இரண்டு கை அள்ளி, துண்டு முனையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார். ஈரப்பதமானி 13 சதவீதம் காட்டியது. விலையும் பேசி முடித்தார். மறுநாள் லாரி போய் நின்றதும் வியாபாரியின் ஆள் மூட்டைகளில் குத்தூசியைச் செருகி எடுத்துப் பார்த்தார்: 18. "மாதிரி ஒன்று, சரக்கு ஒன்றா?" என்று கேட்டுவிட்டார். சித்தப்பா யாரையும் ஏமாற்றியவர் இல்லை. குவியலின் மேல்தோல் காய்ந்திருந்தது, அடி காயவில்லை. துணியில் முடிந்ததும் வழியெல்லாம் உலர்ந்துகொண்டே போயிருக்கிறது.

ஒரே இடத்தில் அள்ளுவதுதான் முதல் தவறு. தானியத்தைக் கொட்டும்போது தூசியும் நொறுங்கலும் நடுவில் தங்கும்; முழு மணிகள் ஓரத்துக்கு உருளும். ஓரத்தில் அள்ளினால் சரக்கு உள்ளதைவிட நன்றாகத் தெரியும். மூட்டையாக இருந்தால் பத்து வரை எல்லாவற்றிலும் குத்தி எடுங்கள். நூறு வரை, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து மூட்டைகளில் எடுத்தால் போதும். எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நான்கு கூறாக்கி, எதிரெதிர்க் கூறுகள் இரண்டை ஒதுக்குங்கள். மிஞ்சியதை மறுபடி கலந்து இதையே செய்யுங்கள். தேவையான அளவு வரும்வரை இப்படிக் குறைக்கலாம். இடையில் சொத்தையைப் பொறுக்கி எறியக் கூடாது. லாரியில் அது இருக்கத்தானே போகிறது?

ஈரப்பதம் பார்க்கும் மாதிரியைக் காற்றுப் புகாத பாலிதீன் பையில் நிரப்பி உடனே கட்டிவிட வேண்டும். வெயிலில் இருந்து சூடாக எடுத்த தானியத்தை அப்படியே கருவியில் போட்டால் அளவு தவறும்; ஆறவிட்டுப் பாருங்கள்.

பூஞ்சண நஞ்சுப் பரிசோதனைக்கு அதே பையை அனுப்புவது வேறொரு தவறு. ஈரத் தானியம் பாலிதீனில் வியர்த்து, ஆய்வகம் போய்ச் சேருமுன்னே பூஞ்சணம் பிடித்துவிடும். இதற்குக் காகிதப் பையோ துணிப்பையோதான் சரி. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு மூட்டை முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. ஆயிரக்கணக்கான மணிகளில் எங்கோ சிலவற்றில் செறிந்திருக்கும். கால் கிலோ கொடுத்தால் அந்த மணிகள் அகப்படாமலே போகலாம், அகப்பட்டால் அளவு எக்கச்சக்கமாக ஏறும். ஐந்து கிலோவாவது கொடுத்து, முழுவதையும் அரைத்துக் கலந்த பிறகே அதிலிருந்து எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பின்னால் நன்றாகக் காயவைத்தாலும் ஏறிய நஞ்சு இறங்காது. மனிதர் உண்ணும் தானியத்தில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்தான் வரம்பு.

 

மாதிரி எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். தேதியும் மூட்டை எண்ணிக்கையும் எழுதி மூன்று பை கட்டுங்கள்: ஆய்வகத்துக்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. மூன்றிலும் இருவர் கையெழுத்தும் இருக்கட்டும்.

எடைக் கழிவுக் கணக்கையும் கையில் வைத்திருங்கள். 18 சதவீத ஈரத்தில் நூறு கிலோ என்றால் அதில் உலர்ந்த பொருள் 82 கிலோ. விலை பேசியது 14 சதவீத ஈரத்துக்கு என்றால், அதில் உலர்ந்த பங்கு 0.86; 82-ஐ அதனால் வகுத்தால் எடை 95.3 கிலோ. ஈரத்துக்கு என்று நூறு கிலோவுக்கு 4.7 கிலோ கழித்தால் அது நியாயம். ஏழு கிலோ கழிக்க வந்தால், மூன்றாவது பையை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பேசுங்கள்.